கரண்டியம்மாவின் மூக்கு

அந்தப் பள்ளிக்கூடத்தில் நூற்று நாற்பது பிள்ளைகள் படித்தார்கள். அதில் பாதிப் பேர் படிக்க வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு சாப்பிட வந்தவர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெற்றவர்கள் விடிவதற்கு முன்பே செங்கல் சூளைக்கும் கல்லுடைக்கும் குழிக்கும் போய்விடுவார்கள். வீட்டு அடுப்பு சாயங்காலம்தான் எரியும், அதுவும் எரிந்தால் உண்டு. இடையில் அந்த வயிறுகளில் விழுவது பள்ளிக்கூடத்து மத்தியானச் சோறு ஒன்றுதான். அதைப் பதினொரு வருடமாகச் சமைத்துப் போட்டவள் கரண்டியம்மா.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் இருந்தது. அது வருகைப் பதிவேட்டில் இருந்தது, வேறெங்கும் இல்லை. எந்நேரமும் கையில் கரண்டியோடு பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் நிலைத்தது. சைக்கிள் பஞ்சர் ஒட்டும் அவள் புருஷன்கூட, வீட்டில் சண்டை வந்தால், "சொல்லுங்க கரண்டியம்மா, உங்க உத்தரவு என்ன?" என்றுதான் ஆரம்பிப்பார்.

சமையலில் அவள் பெரிய கைகாரி ஒன்றுமில்லை. சோறு, பருப்பும் காயும் போட்ட குழம்பு, வியாழக்கிழமை ஒரு அவித்த முட்டை, இவ்வளவுதான் அவள் வித்தை. பேர்போனது அவள் மூக்கு. மாதத்துக்கு ஒருமுறை சாமான் லாரி வரும். மூட்டைகளை இறக்க இறக்க, அவள் ஒவ்வொன்றிலும் குனிந்து மூக்கை வைப்பாள். ஒருமுறை ஏழாவது அரிசி மூட்டையில் நின்றுவிட்டாள்.

"இது அடியில நனைஞ்சிருக்கு. திருப்பி ஏத்துங்க."

லாரி ஓட்டுநர் தன் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பிரித்துக் கொட்டிப் பார்த்தால், அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று பூசணம். மூட்டை ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தது, வெளியே ஒரு பொட்டு ஈரம் கிடையாது. அன்றிலிருந்து ஓட்டுநர் வண்டியை நிறுத்தும்போதே, "இன்னைக்கு மூக்கு லீவா, வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்.

சமையலறைச் சுவரில் விதிமுறை அட்டை ஒன்று தொங்கியது. சமைத்தவர் முதலில் சாப்பிட வேண்டும். பிறகு ஓர் ஆசிரியர் ஒரு வாய், தலைமையாசிரியர் ஒரு வாய். அரைமணி நேரம் பொறுத்து, மூவரும் நன்றாக இருந்தால்தான் சாப்பாட்டு மணி. சாப்பிட்டதற்கு அடையாளமாக ஒரு பதிவேட்டில் கையெழுத்தும் போட வேண்டும். நல்ல விதிதான், எழுதியவர் வாய்க்குச் சர்க்கரை போடலாம். ஆனால் அந்தப் பூசண மூட்டைக்குப் பிறகு பெரிய சாருக்கு, அதாவது தலைமையாசிரியருக்கு, அவள் மூக்கின் மேல் அப்படியொரு நம்பிக்கை வந்துவிட்டது. "நீங்க பாத்துட்டீங்கல்ல? அப்புறம் நான் எதுக்கு?" என்று கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்புவார். அவர் போடுவதைப் பார்த்து டீச்சரும் அப்படியே. மூன்று வாய் என்று இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வாய் ஆனது. நூற்று நாற்பது பிள்ளைகளுக்கும் காவலாக ஒரே ஒரு மூக்குதான் மிச்சம்.

அந்த மூக்குதான் போய்விட்டது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல். ஐந்து நாள் படுத்தாள், எழுந்தாள். எழுந்த மறுநாள் வீட்டில் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் டயரைக் கழற்றிக்கொண்டிருந்த புருஷன் நொண்டிக்கொண்டே உள்ளே ஓடி வந்தார்.

"என்னடி பண்ற? வீடே தீயற நாத்தம் அடிக்குது!"

பாத்திரம் கரியாகிக் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பிறகு உப்பு டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தாள். மணலை வைத்ததுபோல் இருந்தது. வெங்காயத்தைக் கசக்கி முகர்ந்தாள். கண்ணில் நீர் வந்தது, வாசனை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "வரும்மா. சில பேருக்கு ஒரு மாசம், சில பேருக்கு ஒரு வருசம்" என்றார். மற்ற சில பேருக்கு என்ன ஆகும் என்று அவள் கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

"பெரிய சார்கிட்ட சொல்லிடு" என்றார் புருஷன், திரும்பி வரும் வழியில்.

"என்னன்னு சொல்ல?"

"உள்ளதைச் சொல்லு."

"மூக்கும் நாக்கும் செத்த சமையல்காரியை எவன் வச்சுப்பான்? உங்க முட்டிக்கு நீங்க ஒரு நாளைக்கு ரெண்டு டயர் கழட்டினா பெருசு. நானும் வீட்டுல உக்காந்தா ரெண்டு பேரும் எதைத் திங்கறது, டியூபையா?"

ஆனாலும் அவள் பெரிய சாரிடம் பேசவில்லை. வருகிற திங்கள், வருகிற திங்கள் என்று எட்டுத் திங்கட்கிழமை போய்விட்டது.

அந்த எட்டு வாரமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் சமைத்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு அரிசியையும் பார்த்தாள். உப்பை நாக்குக் கணக்கில் போட்டுப் பழகியவள் கிண்ணத்தால் அளந்து போட்டாள். போட்டது மறந்துவிடக் கூடாதென்று சுவரில் கரிக்கோடு இழுத்தாள். சில நாள் அந்தக் கோடு இன்றைக்கு இழுத்ததா நேற்றையதா என்று குழம்பி நிற்பாள். உதவிக்கு ஒரு பெண் இருந்தாள், "அக்கா, அக்கா" என்று வாய் ஓயாதவள். என்றைக்காவது அவள் குழம்பை ருசி பார்த்தால் இவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். புருவம் சுருங்கினால் இவளுக்கு உயிர் போகும். ஒருநாள் இரண்டு பிள்ளைகள் வயிற்றுவலி என்று வகுப்பில் சுருண்டு படுத்தார்கள். பச்சை மாங்காய் தின்றது பிறகு தெரிந்தது. தெரிகிறவரை அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இவ்வளவும் போக, அவளுக்கு ரகசியமாக இன்னொரு துணையும் இருந்தது. அதுதான் ஜன்னல்குட்டி.

ஒன்றாம் வகுப்புப் பெண், ஆறு வயது. அம்மா சூளையில், அப்பா எங்கே என்று யாருக்கும் தெரியாது. பதினொன்றரை ஆனதும் மூக்கில் வேர்த்ததுபோல் சமையலறை ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கும். "ஒண்ணுக்குப் போறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வருவது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, கால் விரலில் எம்பி, மோவாயைக் கட்டையில் வைத்துக்கொள்ளும். முன்பெல்லாம் கரண்டியம்மா கரண்டியைக் காட்டி விரட்டுவாள். காய்ச்சலுக்குப் பிறகு விரட்டவில்லை. ஒரு தேக்கரண்டி குழம்பை ஊதி ஆற்றி அதன் வாயில் வைத்து, "எப்படி இருக்கு?" என்று கேட்பாள்.

"நல்லா இருக்கு."

"உப்பு?"

"நல்லா இருக்கு."

அந்த "நல்லா இருக்கு" காதில் விழுந்ததும் அவளுக்குப் பாதி உயிர் திரும்பும். குழந்தைக்குப் பொய் சொல்லத் தெரியாது, குழந்தை நாக்கு சுத்தமான நாக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். சமைத்தவள் முதலில் சாப்பிட வேண்டும் என்ற விதியை எந்த இடத்தில் தலைகீழாகத் திருப்பினோம் என்பதை மட்டும் அவள் யோசித்ததே இல்லை. யோசிக்கக் கூடாது என்றே வேகவேகமாக அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

அன்று புதன்கிழமை. உதவிக்காரி வரவில்லை. அவள் தம்பிக்குக் கால் உடைந்து ஆஸ்பத்திரியில் இருந்தான். இருந்த பருப்பு முந்தின நாளோடு தீர்ந்துவிட்டதால், கரண்டியம்மா தனியாகச் சாமான் அறைக்குப் போய் அடியில் கிடந்த புது மூட்டையை இழுத்துப் பிரித்தாள். இரண்டு வாரத்துக்கு முன் லாரியில் வந்த மூட்டை. அன்றைக்கும் அவள் குனிந்து ஒவ்வொன்றிலும் மூக்கை வைத்து, நாடகக்காரி மாதிரி தலையை ஆட்டி, "சரி, இறக்குங்க" என்றிருந்தாள். ஓட்டுநரும் பயபக்தியோடு இறக்கினார்.

பருப்பை அண்டாவில் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கையால் அலசியபோது, தண்ணீர் மேல் மெல்லிய ஆடைபோல ஏதோ பளபளத்தது. விரலைத் தேய்த்துப் பார்த்தாள். வழவழவென்றிருந்தது. எண்ணெய் தடவிய பருப்பு என்று நினைத்தாள். பூச்சி அரிக்காமலிருக்கப் பருப்பில் சமையல் எண்ணெய் தடவி அனுப்புவது உண்டுதான், போன வருடம்கூட ஒரு மூட்டை அப்படி வந்தது. நான்கு தண்ணீர் விட்டுக் கழுவி அடுப்பில் ஏற்றினாள். காயும் போட்டாள். உப்புக்குக் கோடும் இழுத்தாள்.

குழம்பு கொதித்து இறக்கும் பதத்தில்தான் அவளுக்கு அது உறைத்தது. போன வருடப் பருப்பில் மிதந்தது மஞ்சள் மஞ்சளாய்ப் பொட்டுப் பொட்டான எண்ணெய். இன்றைக்குப் பார்த்தது அப்படியில்லை. நீலமும் சிவப்புமாய் வளைந்து வளைந்து பரவியிருந்தது. மழை நாளில் லாரி நின்றுவிட்டுப் போன இடத்துத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும்.

கரண்டியைப் போட்டுவிட்டுச் சாமான் அறைக்கு ஓடினாள். மூட்டையைப் புரட்டினாள். அடிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாய் ஒரு கறை, காய்ந்துபோய். அந்த லாரியில் அரிசி பருப்போடு மண்ணெண்ணெய்க் கேன்களும் வரும். ஓட்டுநருக்கு எல்லாம் சாமான்தான். அவள் மண்டியிட்டு அந்தக் கறையில் முகத்தையே புதைத்தாள். ஒன்றுமில்லை. நாக்கால் தொட்டாள். சாக்கின் சொரசொரப்பு தெரிந்தது, அவ்வளவுதான். அடுப்புப் பற்றவைக்கும் மண்ணெண்ணெய்ப் பாட்டில் எப்போதும் அந்த அறையின் மூலையில் இருக்கும். அறை முழுக்க அந்த வாடைதான் என்று உதவிக்காரி அடிக்கடி மூக்கைப் பொத்துவாள். அதனால்தான் அவளும் இந்த மூட்டையைக் கவனிக்காமல் விட்டிருக்கிறாள்.

அல்லது ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். வெறும் அழுக்குக் கறையாக இருக்கலாம். மற்ற மூட்டைகளில் இல்லாத பயம் இதில் என்ன? வெறும் சந்தேகத்துக்கு ஓர் அண்டாக் குழம்பைக் கொட்டினால், "உங்க மூக்குக்குத் தெரியலையா?" என்றுதானே முதலில் கேட்பார்கள்?

திரும்பி வந்து ஒரு கரண்டி எடுத்துக் குடித்தாள். நாக்கு சுட்டது. மிளகாய் சுருக்கென்று குத்தியது. இன்னொரு கரண்டி குடித்தாள். மண்ணெண்ணெயாக இருந்தால் தனக்கு வாந்தி வருமா, எவ்வளவு நேரத்தில் வரும் என்று நின்று பார்த்தாள். பயத்திலேயே குமட்டியது. அது பயமா மண்ணெண்ணெயா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தடுக்கி விழுந்து கொட்டிவிட்டேன் என்று சொன்னால் என்ன? அந்த எண்ணம் வந்ததும் அவள் துணியைச் சுற்றிக்கொண்டு அண்டாவின் காதைப் பிடித்தேவிட்டாள். ஒரு தள்ளு போதும். ஆனால் மூட்டையில் இன்னும் முக்கால்வாசிப் பருப்பு இருக்கிறது. அதையும் தடுக்கி விழுந்து கொட்ட முடியாது. அடுத்த மாதம் லாரி வரும். அதற்கு அடுத்த மாதமும் வரும். கையை எடுத்துவிட்டாள்.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போனாள். எப்படியாவது அவரைச் சமையலறைக்குக் கூட்டி வந்துவிட வேண்டும். டீச்சர் கணக்குப் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தார். கண்ணைப் பிள்ளைகள் மேலிருந்து எடுக்காமலே கையை நீட்டினார்.

"டீச்சர், ஒரு நிமிசம் வந்து ருசி பாருங்களேன்."

"என்னம்மா புதுசா? உங்க மூக்குக்கு மேல என் மூக்கா? எனக்கு வேற சளி." கையெழுத்தைப் போட்டார். "பெரிய சார் போனில இருக்கார், அவருக்கு அப்புறம் காட்டுங்க. ஏய், கடைசி பெஞ்சு! பக்கத்துல என்ன பார்வை?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். முப்பது பிள்ளைகள் அவளையே பார்த்தார்கள். வாய் மூடிக்கொண்டது. சமையலறைக்குத் திரும்பி நடந்தாள்.

ஜன்னலில் இரண்டு சின்னக் கைகள் கம்பியைப் பிடித்திருந்தன. கட்டையின் மேல் மோவாய்.

"கரண்டிம்மா, இன்னைக்கு லேட்டு" என்றது ஜன்னல்குட்டி. லேட்டாக வந்தது யார் என்ற கேள்வியே அதற்கு இல்லை.

அவள் அதைப் பார்த்தாள். அண்டாவைப் பார்த்தாள். அவள் கை, இரண்டு மாதப் பழக்கத்தில், தேக்கரண்டியை எடுத்துக் குழம்பில் தோய்த்தது. ஊதினாள். ஜன்னலுக்கு நீட்டினாள். பாதி வழியில் கை நின்றுவிட்டது. என்ன செய்கிறேன் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. இதுவரை தெரியாமல் கொடுத்தாள் என்று வைத்துக்கொண்டாலும், இன்றைக்குத் தெரிந்தே கொடுக்கப் போகிறாள்.

தேக்கரண்டி கம்பிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அந்தத் தூரத்திலேயே ஜன்னல்குட்டியின் மூக்கு சுருங்கியது. முகம் பின்னால் போனது.

"அய்ய... விளக்குக்கு ஊத்துற எண்ணெ நாத்தம்."

கரண்டியம்மா வெடுக்கென்று கையை இழுத்தாள். குழம்பு தரையில் சிந்தியது. அதைப் பார்த்ததும் குழந்தையின் முகம் மாறிவிட்டது. அவசர அவசரமாக மறுபடி எம்பி, கம்பிக்கு நடுவே முகத்தை அழுத்தி வாயைத் திறந்தது.

"பரவால்ல, பரவால்ல, குடுங்க. நான் தின்னுருவேன்."

"வேணாம்டி. இது கெட்டது."

"நல்லா இருக்கு! நாத்தம் இல்ல, சும்மா சொன்னேன். நல்லா இருக்கு!"

இன்னும் வாயிலேயே வைக்கவில்லை. அதற்குள் நல்லா இருக்கிறதாம். கரண்டியம்மா தேக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் போனாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

"குட்டி, நேத்துக் குழம்பு எப்படி இருந்துச்சு? நெசமா சொல்லு."

ஜன்னல்குட்டி யோசித்தது. அவள் திட்டுவாளா மாட்டாளா என்று கண்ணைப் பார்த்தது.

"உப்பு கரிச்சுது."

"அதுக்கு முந்தி?"

"ஒரு நா தீஞ்சு போயிருந்துச்சு. ஒரு நா உப்பே இல்ல."

"ஏண்டி சொல்லல? நான் தெனமும் கேட்டேனே?"

"சொன்னா நாளைக்குக் குடுக்க மாட்டீங்கல்ல."

கரண்டியம்மா ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மாதமாக அவளைத் தூங்க வைத்தது அந்த "நல்லா இருக்கு"தான். பசித்த வாயில் எதை வைத்தாலும் அந்த வார்த்தைதான் வரும் என்பது, பதினொரு வருடம் பசித்த பிள்ளைகளுக்குச் சோறு போட்டவளுக்குத் தெரியாமல் போனதே என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அழுகை வந்தது. அழ நேரமில்லை.

"நீ வகுப்புக்குப் போ. இன்னைக்கு உனக்குச் சோறு உண்டு, போ."

குழந்தை நம்பவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றி, பதிவேட்டோடு எடுத்துக்கொண்டு பெரிய சார் அறைக்குப் போனாள். அவர் போனை வைத்துவிட்டுப் பதிவேட்டுக்காகக் கையை நீட்டினார். கிண்ணம் மேசையில் வைக்கப்படுவதற்கு முன்பே நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"என்னம்மா இது, மண்ணெண்ணெய்!"

"குழம்பு சார்."

"குழம்பா? பிள்ளைங்களுக்கா? இவ்வளவு நாத்தம் அடிக்குது, உங்களுக்குத் தெரியல?"

"தெரியல சார். ரெண்டு மாசமா எனக்கு எந்த வாசனையும் தெரியல. உப்பு தெரியல, ஒறைப்பு மட்டும் குத்தும். காய்ச்சல்ல போயிருச்சு. சொல்லாம இருந்துட்டேன்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். நிறுத்தினால் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும். "எனக்குப் பதிலா ஒண்ணாவது படிக்கிற பொண்ணுக்குக் குடுத்து ருசி பாத்தேன். அதையும் எழுதிக்கோங்க."

பெரிய சாரின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. "ரெண்டு மாசம்" என்றார். "நூத்தி நாப்பது பிள்ளைங்க. ஏதாவது ஒண்ணு ஆகியிருந்தா உங்களை மட்டுமாம்மா கேப்பாங்க?" கத்தினார். அவர் கத்தி அவள் கேட்டதில்லை. கத்திக்கொண்டே அவர் கை பதிவேட்டைப் பிரித்தது. பக்கம் பக்கமாகத் தள்ளினார். எல்லாப் பக்கத்திலும் "சுவைத்தேன், நன்று" என்று அச்சிட்டிருந்தது. கீழே அவர் கையெழுத்து, சுழி ஒன்றுகூடப் பிசகாமல், இரண்டு மாதமும். போன இரண்டு வருடத்துக்கும் அப்படியேதான் இருந்திருக்கும், அவர் அவ்வளவு தூரம் புரட்டவில்லை.

கத்துவது நின்றது. "இன்னைக்கே மேல எழுதணும்" என்றார். "மறைக்க முடியாதும்மா."

"எழுதுங்க சார்."

"உங்களை வச்சுப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. என்னையும்தான்." பதிவேட்டை மூடினார். "பதில் வர்ற வரைக்கும் நீங்க சமைங்க, ருசி நாங்க பாக்கறோம். சோறு?"

"சோறு நல்லா இருக்கு. தனி அடுப்பு, பழைய மூட்டை. நாளைக்கு உள்ள முட்டை வந்திருக்கு."

"அவிங்க. நான் வர்றேன்."

சொன்னபடி வந்தார். டீச்சரும் சளி மூக்கோடு வந்தார். கடப்பாரையை எடுத்துப் பள்ளிக்கூடத்துப் பின்பக்க வேலிக்கு அப்பால் பெரிய சாரே குழி தோண்டினார், வேட்டி வேர்வையில் ஒட்டிக்கொண்டது. அவரும் கரண்டியம்மாவும் அண்டாவைக் காதைப் பிடித்துத் தூக்கிப் போய்க் கவிழ்த்தார்கள். பருப்பும் காயும் ஆவி பறக்கக் குழிக்குள் இறங்கின. பிரித்த மூட்டையும் அதன் மேலேயே போனது. எப்படித்தான் மோப்பம் பிடித்தார்களோ, வேலிக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். சோறு போடும் கை சோற்றைப் புதைப்பதை அவர்கள் பார்த்ததில்லை. கரண்டியம்மா நிமிர்ந்து அவர்கள் முகத்தைப் பார்க்காமல் மண்ணைத் தள்ளினாள்.

முட்டை அவிய நேரம் பிடித்தது. நூற்று நாற்பது முட்டை, ஒரு பெரிய பாத்திரத்தில் மூன்று ஈடு. பன்னிரண்டரை மணி ஆனது, ஒன்று ஆனது. சின்னப் பிள்ளைகள் தட்டைத் தரையில் தட்ட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தட்டலும் அவள் நெஞ்சில் விழுந்தது. சோற்றில் கொஞ்சம் எண்ணெயும் உப்பும் போட்டுக் கிளறினாள். கரித்துவிடக் கூடாது என்று உப்பைப் பாதிக் கிண்ணத்திலேயே நிறுத்திவிட்டாள். பெரிய சார் ஒரு வாய் சாப்பிட்டார். டீச்சர் ஒரு வாய் சாப்பிட்டார். இரண்டு பேர் கண்ணும் கடிகாரத்தில் இருந்தது. "சரியா இருக்கு, நல்லா இருக்கு, மணி அடிங்க" என்றார்கள்.

அரைமணி பொறுக்க வேண்டும் என்று அட்டை சொல்கிறது. பிள்ளைகள் இருந்த இருப்பில் அதை யாரும் நினைவுபடுத்தவில்லை. கரண்டியம்மா மட்டும் ஒருமுறை அட்டையைப் பார்த்தாள், பிறகு வரிசையைப் பார்த்தாள், கரண்டியை எடுத்தாள்.

ஒவ்வொரு தட்டிலும் சோறு, ஒரு முட்டை. போட்டுக்கொண்டே வரும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இதில் எத்தனை பேர் கரித்ததையும் தீய்ந்ததையும் ஒன்றும் பேசாமல் விழுங்கியிருப்பார்கள்? யாரிடம் கேட்டாலும் என்ன பதில் வரும் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

ஜன்னல்குட்டி சுவரோரமாக உட்கார்ந்திருந்தது. முட்டையை முதலிலேயே தின்று முடித்துவிட்டது. சோற்றில் கை வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. கரண்டியம்மா அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். உடனே ஜன்னல்குட்டியின் இடது கை தட்டைச் சுற்றி வளைத்துக்கொண்டது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"குட்டி, இங்க பாரு. நீ என்ன சொன்னாலும் உன் தட்டை எடுக்க மாட்டேன். நாளைக்கும் உண்டு, நாளன்னைக்கும் உண்டு. எப்படி இருக்கு?"

சோறு உண்டுதான், அது நிற்காது. போடுகிறவள் இன்னும் எத்தனை நாள் இருப்பாள் என்பது பெரிய சார் மேசை மேல் எழுதப்படாமல் கிடந்த ஒரு வெள்ளைத் தாளில் இருந்தது.

ஜன்னல்குட்டி மெல்வதை நிறுத்தியது. பெரிய சார் நிற்கும் பக்கம் ஒரு பார்வை, கரண்டியின் மேல் ஒரு பார்வை. வளைத்திருந்த கையை எடுக்காமல், தட்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னது.

"உப்பு கம்மி."

கரண்டியம்மா எழுந்து போய் உப்புக் கிண்ணத்தை எடுத்து வந்தாள்.